எந்தக் கிணற்றுத் தண்ணீர்? யாழ்ப்பாணத்து வளவுகளில் செடி அறிவு நடந்த வழி

யாழ்ப்பாணத்துக் குசினிகளில் நாள்தோறும் தண்ணீர் கொதிக்கும் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒரு படிவம் தெரியும். சில மாதம் சுரண்டாமல் விட்டால் அது ஓடு போலத் தடித்துவிடும். அது சுண்ணாம்பு. அதே கிணற்றுத் தண்ணீர்தான் விறாந்தையில் வரிசையாக இருக்கும் பூச்சாடிகளுக்கும் போகிறது. கேத்தில் அடுப்பில் வற்றுவதைப் போலச் சாடி மண் சோளகக் காற்றில் வற்றுகிறது. தண்ணீர் ஆவியாகிவிட, சுண்ணாம்பு மண்ணிலேயே தங்குகிறது. கண்டியிலிருந்து ஆசையோடு வாங்கிவந்த அந்தூரியம் ஆறு மாதத்தில் ஏன் மஞ்சளாகிச் சோர்கிறது என்று கேட்பவர்களுக்கு, விடையின் பெரும்பகுதி குசினி அடுப்பின் மேலேயே இருக்கிறது.

செடி வளர்ப்பவர்கள் எங்கிருந்தாலும் தங்களுக்குள் ஆலோசனை பரிமாறிக்கொள்வார்கள். முட்டைக்கோதை நொறுக்கிப் போடு, தேயிலைச் சக்கையை வேரடியில் கொட்டு, மீன் கழுவிய தண்ணீரை வீணாக்காதே, புளித்த மோரைக் கறிவேப்பிலைக்கு ஊற்று. ஒரு காலத்தில் இவை வேலிக்கு அந்தப்பக்கமிருந்து வந்தன. இன்று தொலைபேசித் திரை வழியாகக் கோயம்புத்தூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் வருகின்றன. சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் குறையில்லை. ஆனால் அவர்களின் செடி எந்த மண்ணில் நிற்கிறது, எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்ற விபரம் கூடவே வருவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பொறுத்தவரை அந்த விபரம் இல்லாத ஆலோசனை பாதி ஆலோசனைதான்.

சுண்ணாம்புக் கல்லின் மேல்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் கலக்கும் வழுக்கியாறு ஒன்றுதான் ஆறு என்ற பெயரைத் தாங்குகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 முதல் 1300 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய காலமெல்லாம் வாழ்வு கிணற்றை நம்பியது.

கிணற்றின் அடியில் இருப்பது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல். இந்தக் கல்லில் வெடிப்புகளும் குகைகளும் நிறைய. கீரிமலைக் கேணியும் நிலாவரைக் கிணறும் அந்தக் கல்லின் உள்வழிகளுக்குக் கண்முன்னே நிற்கும் சாட்சிகள். மழைநீர் இறங்கி இந்த வெடிப்புகளில் தேங்குகிறது. கீழே கடல்நீர். அதைவிட அடர்த்தி குறைந்த நன்னீர் அதன்மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியல் சொல்லும் பொதுக் கணக்கு. கணக்கு மறுபக்கமும் வேலை செய்கிறது. மேல்மட்டத்தைச் சற்று இறைத்துத் தாழ்த்தினாலும் கீழிருந்து உப்பு பல மடங்கு மேலேறும். துலாவும் பட்டையும் போய் இறைக்கும் இயந்திரம் வந்தபின், வைகாசிவரை நல்ல தண்ணியாக இருந்த கரையோரக் கிணறு ஆவணியில் சவராவது இதனால்தான்.

மண்ணும் ஒரே மாதிரி இல்லை. வலிகாமத்தில், சுன்னாகம், இணுவில், உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் கல்லின் மேல் செம்மண். தென்மராட்சியில் மணல் கலந்த நிலம். சாவகச்சேரிப் பலாவும் மாவும் தென்னையும் அங்கே தாமாக எழுந்தவைபோல் நிற்கும். வடமராட்சிக் கரையில் கடற்காற்றும் மணலும். தீவுகளில் மண் ஆழம் குறைவு, கிணற்றில் உப்பு அருகில். ஒரே மாவட்டத்துக்குள், மிதிவண்டியில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இரண்டு ஊர்களில், ஒரே றோசாச் செடிக்கு இரண்டு விதமான பராமரிப்பு வேண்டியிருக்கிறது.

சுண்ணாம்பு செடியை எப்படித் தாக்குகிறது? மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் காரத்தன்மை கூடினால் அது கரையாது. கரையாததை வேர் உறிஞ்ச முடியாது. அப்போது புதிதாக வரும் குருத்திலை வெளிறும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இக்சோரா எனப்படும் வெட்சியிலும் றோசாவிலும் தேசியிலும் இந்தக் கோலத்தை அடிக்கடி காணலாம். தழைச்சத்துக் குறைந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே அடியிலுள்ள முதிய இலைகள்தான் முதலில் மஞ்சளாகும். இரண்டுக்கும் ஒரே பெயர், "மஞ்சளாப் போகுது". இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தூரத்தில் இருப்பவர் சொல்லும் மருந்து, இரும்புக்காக ஏங்கும் செடிக்கு யூரியாவைக் கொடுக்க வைக்கிறது.

மலைநாட்டிலிருந்து வரும் கன்று வரும்போது செழிப்பாகத்தான் இருக்கும். தும்புத் தூளும் இலைமக்கும் கலந்த அமிலப் பாங்கான கலவையில் அது வளர்ந்திருக்கிறது. இங்கே செம்மண்ணுக்கு மாற்றிக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் அந்த அமிலம் மெல்ல மெல்லத் தீர்கிறது. செடி நோயுற்றதாகவும் தனக்குக் கைராசி இல்லையென்றும் வீட்டுக்காரர் நினைத்துக்கொள்கிறார். தீர்ந்தது கைராசி இல்லை, கலவையின் அமிலம்.

வேலியும் பொட்டும்

இந்த நுணுக்கமெல்லாம் யாழ்ப்பாணத்து வளவுகளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆய்வுகூடச் சொற்களில் இல்லை, வேலியோரப் பேச்சில். குடாநாட்டு வேலி உயிருள்ளது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, வாதனாராணி, பிற்காலத்தில் வந்த கிளிசறியா ஆகியவற்றின் தடிகளை மாரியில் கதியாலாக ஊன்ற, அவை வேர்பிடித்துத் துளிர்த்து எல்லையாகும். இடைவெளியைப் பனையோலை அடைக்கும். கதியாலின் குழை ஆட்டுக்கு உணவு, மிச்சம் தோட்டத்துக்குப் பசளை. புகையிலைத் தோட்டங்களில் குழை தாழ்த்துவது தலைமுறை தலைமுறையாக நடந்த வேலை.

அந்த வேலியில் எங்கோ ஓரிடத்தில் ஒரு பொட்டு இருக்கும். ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓலையை விலக்கிய வழி. தெருப்படலையைச் சுற்றி வராமல் பெண்கள் அதன் வழியாகத்தான் போய்வந்தார்கள். அரைக் கொத்து அரிசி, கொஞ்சம் தணல், ஒரு கிண்ணம் மீன்குழம்பு, இவற்றோடு செடியும் பொட்டால்தான் நடந்தது. "அக்கா, உந்தச் செவ்வரத்தையில ஒரு கொப்புத் தாங்கோ" என்று கேட்டவருக்குக் கொப்போடு சேர்த்து, எந்த மாதத்தில் நடவேண்டும், எந்தப் பக்கம் வெயில் படவேண்டும், கிணற்றடி ஈரம் ஒத்துவருமா என்பதும் கிடைத்தது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கல்லில் தோண்டிய கிணறுகளின் தண்ணீரைக் குடிப்பவர்கள். மண்ணையும் தண்ணீரையும் பற்றித் தனியாகச் சொல்லவேண்டிய தேவையே அங்கே எழவில்லை. ஆலோசனையின் முகவரி அதற்குள்ளேயே இருந்தது.

கொப்பாலும் தடியாலும் கைமாறுவதில் இன்னொரு நன்மையும் இருந்தது. விதையில் முளைத்த மரம் தாய்மரத்தைப் போலவே இருக்கும் என்ற உறுதி இல்லை. தடியில் துளிர்த்தது தாய்மரத்தின் மறுபிரதி. அந்த மண்ணில் பல ஆண்டு நின்று தேறிய மரமே அப்படிப் பெருகியது. இதற்கு முருங்கையைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் வேளாண் பாடநூல்கள் பல்லாண்டு முருங்கை வகைகளைப் பட்டியலிடும்போது யாழ்ப்பாண முருங்கை, சாவகச்சேரி முருங்கை என்று இரண்டு பெயர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. முன்னையதன் காய் 60 முதல் 90 சென்ரிமீற்றர், பின்னையது அதையும் தாண்டி 120 சென்ரிமீற்றர் வரை நீளும் என்று எழுதுகின்றன. பெரியகுளத்தில் உருவாக்கிய ஓராண்டு முருங்கை விதையால் பரவியது. இவை தடியால் பரவியவை. வேலி கடந்த தடி பாக்குநீரிணையையும் கடந்திருக்கிறது.

வேலி சண்டையையும் வளர்த்தது. கதியாலை ஆண்டுதோறும் ஒரு சாண் தள்ளி நட்டதால் வழக்காடிய குடும்பங்கள் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து 1707 இல் சட்டமான தேசவழமை, காணிகளையும் தோட்டங்களையும் பற்றிச் சொல்லும்போது எல்லையோர மரங்களின் பலன் யாருக்கு என்பதையும் பேசவேண்டியிருந்தது. அயலவரின் மரம் அந்த அளவுக்கு அன்றாட விடயம்.

இந்தக் கதையில் மறைக்கக்கூடாத ஒரு பக்கமும் இருக்கிறது. பொட்டு எல்லோருக்கும் திறக்கவில்லை. சாதியின் பேரால் கிணற்றில் தண்ணீர் அள்ளவும் முற்றத்தில் கால்வைக்கவும் மறுக்கப்பட்ட குடும்பங்கள் குடாநாட்டில் ஏராளம். சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்கிய 1957 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அந்தப் போராட்டம் நீண்டகாலம் தொடர்ந்தது. பிறருடைய தோட்டத்தில் குழை தாழ்த்தியவர்களும் பாத்தி கட்டியவர்களும் பனை ஏறியவர்களும் மண்ணை மிக நெருக்கமாக அறிந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவர்களின் பெயரோடு எங்கும் பதியப்படவில்லை. பழைய வேலியைப் புகழும் எவரும் அதன் உயரத்தையும் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

குசினி வைத்தியம்

வீட்டுக்கு வீடு கைமாறும் வைத்தியங்களை இந்த மண்ணில் வைத்துப் பார்த்தால் சில நிற்கின்றன, சில விழுகின்றன.

முதலில் முட்டைக்கோது. அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, அதாவது கேத்திலின் அடியில் படியும் அதே பொருள். சுண்ணாம்புக் கல்லின் மேல் நிற்கும் செம்மண்ணுக்குக் கல்சியத்தில் பஞ்சமில்லை. தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகும்போது கல்சியக் குறை என்று சொல்லிக் கோதை நொறுக்கிப் போடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் தண்ணீர் ஒழுங்காகக் கிடைக்காததுதான். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால், மண்ணில் உள்ள கல்சியம் காய்க்குப் போய்ச்சேராது. இங்கே மருந்து கோதில் இல்லை. காலையும் மாலையும் அளவோடு தண்ணீர் விடும் கையில் இருக்கிறது.

விறகுச் சாம்பலும் அப்படித்தான். சாம்பலில் சாம்பல்சத்து உண்டு, வாழை அதை விரும்பும். ஆனால் சாம்பல் காரம். தென்மராட்சி மணலில் வாழையடிக்கு அது உதவலாம். உரும்பிராய்ச் செம்மண்ணில் வெட்சிச் சாடிக்குப் போட்டால் ஏற்கெனவே இருக்கும் நோய் கூடும்.

புளித்த மோரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றும் வழக்கம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் ஒருசேர உண்டு. மோரின் புளிப்பு இரும்பைக் கரைக்க உதவும் என்று விளக்கம் சொல்வார்கள். சாடியில் அதற்குச் சிறிது இடமிருக்கிறது. நிலத்தில் நிற்கும் மரத்தடியில் அந்தச் சிறு அமிலத்தைச் சுண்ணாம்பு உடனேயே ஈடுசெய்துவிடும். எஞ்சுவது மோரிலுள்ள சிறிதளவு தழைச்சத்தும் மண்ணுயிர்களுக்குக் கிடைக்கும் தீனியும். தீமை இல்லை, அற்புதமும் இல்லை. மீன் கழுவிய தண்ணீர் தழைச்சத்துத் தருவது உண்மை. கருவாடு ஊறவைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் உப்புத்தான் ஏறும்.

ஐயமின்றி நிற்கும் வைத்தியம் மழைத் தண்ணீர். சுண்ணாம்பு இல்லாத தண்ணீர் குடாநாட்டில் பெரும்பாலும் வானத்திலிருந்தே வருகிறது. கூரைத் தாழ்வாரத்தின் கீழ் பிடித்து மூடிவைத்த ஒரு பீப்பாய், விறாந்தையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு சாடிகளை மாசியைத் தாண்டிக் கொண்டுபோகும். மாரியில் சாடிகளை முற்றத்தில் இறக்கிவைத்து மழையில் நனையவிட்டால், ஆண்டு முழுவதும் சேர்ந்த உப்பும் சிறிது கழுவிப்போகும். மக்கிய குழையும் மாட்டெருவும் இதோடு சேர வேண்டும். அவை மக்கும்போது பிறக்கும் கரிம அமிலங்கள் இரும்பைப் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கின்றன. குழை தாழ்த்திய முன்னோருக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்கவில்லை, பலன் தெரிந்திருந்தது.

சவர்க்காரக் கரைசலின் கதை இன்னும் சுவையானது. மாவுப் பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் சவர்க்காரத் தண்ணீர் தெளிக்கும்படி உலகெங்கும் சொல்கிறார்கள். அது பூச்சியின் உடலில் படிந்து கொல்லவேண்டுமானால் கரைந்து நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்துபோவது குளிக்கும் எவருக்கும் தெரியும். திரைந்த சவர்க்காரம் பூச்சியைக் கொல்லாது, இலையில் அழுக்காகப் படியும். அதே கரைசலை மழைநீரில் கலந்தால் வேலை செய்யும். வேப்பங்கொட்டைச் சாறும் அவ்வாறே ஒரு நிபந்தனையோடு வருகிறது. அதன் செயற்பொருள் வெயிலில் சிதைந்துவிடும், ஆகவே பொழுதுபட்ட பிறகு தெளிப்பதே பலன்.

பசளையை அள்ளிப் போடும் ஆலோசனைதான் இங்கே மிக ஆபத்தானது. வெடிப்புள்ள கல்லின் வழியாக மேலே போட்டது கீழே கிணற்றுக்குப் போகும். பயிர்ச்செறிவு கூடிய வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அந்த நைத்திரேற்றில் ஒரு பங்கு மலசலகூடக் குழிகளிலிருந்தும் வருகிறது. ஆனாலும் பூச்செடிக்கு வாரம் ஒரு கைப்பிடி யூரியா என்பது, அதே வீட்டுக் குழந்தையின் குடிநீரைப் பற்றிய முடிவும்கூட.

தட்டுப்பாடு கற்பித்தவை

1990 களில் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் யூரியாவும் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் அடங்கின. மக்கள் ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினார்கள், பனம்பழத்தின் களியால் துணி துவைத்தார்கள். பசளை இல்லாத தோட்டத்தில் எருவும் குழையும் சாம்பலும் மீண்டும் முதன்மை பெற்றன. வளவிலிருந்த முருங்கையும் பப்பாசியும் பனங்கிழங்கும் ஒடியலும் அடுப்பை அணையாமல் காத்தன. யாருடைய வளவில் எந்த விதை தப்பியிருக்கிறது என்பது அப்போது உயிரோடு ஒட்டிய செய்தி.

1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமம் ஏறத்தாழ முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. வலிகாமம் வடக்கு மக்களுக்கு இடப்பெயர்வு 1990 இலேயே தொடங்கிவிட்டது. மயிலிட்டித் துறைமுகப் பகுதி இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்டது 2017 யூலையில். இருபத்தேழு ஆண்டுகள். மக்கள் திரும்பியபோது வேலி இருக்கவில்லை, பல இடங்களில் வீடும் இருக்கவில்லை. கிணற்றையும் தப்பிநின்ற பழைய மரத்தையும் வைத்தே பலர் தங்கள் காணியை அடையாளம் கண்டார்கள். ஒரு தலைமுறை அந்த மண்ணில் கைவைக்காமலே வளர்ந்திருந்தது. எந்தக் கிணறு எப்போது சவராகும் என்று சொல்லக்கூடிய அயலவர் ரொறொன்ரோவிலோ இலண்டனிலோ இருந்தார், அல்லது இல்லாமற் போயிருந்தார்.

பிறகு 2021 மே மாதம் அரசு இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விதித்து, நவம்பர் இறுதியில் அதைக் கைவிட்டது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதே ஆண்டு யூனில், எரிபொருள் தட்டுப்பாட்டுக்கு நடுவே, அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யும்படி அமைச்சரவை முடிவெடுத்தது. கொழும்பில் அது புதுச் செய்தி. தடைக்காலத்தைக் கடந்துவந்த குடாநாட்டுப் பெண்களுக்கு அது பழைய பாடத்தின் மறுபடிப்பு.

புதிய பூச்சி, பழைய சாடி

பழைய அறிவு எட்டாத இடங்களும் உண்டு. 2008 இல் பப்பாசி மாவுப்பூச்சி இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பப்பாசியிலும் செவ்வரத்தையிலும் கோயில் வாசல்களின் அரலியிலும் வெள்ளைப் பஞ்சாக அது படர்ந்தபோது வீட்டு வைத்தியம் எதுவும் ஈடுகொடுக்கவில்லை. மறு ஆண்டு வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளை விவசாயத் திணைக்களம் விடுவித்த பின்னரே அது அடங்கியது. இத்தகைய வேளையில், கண்ட நஞ்சையும் தெளிக்காமல் இருங்கள், குளவி செத்துவிடும் என்பதே அயலவர் சொல்லக்கூடிய மிகச் சிறந்த ஆலோசனை. அண்மைய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துத் தென்னைகளை வாட்டும் வெள்ளை ஈக்கும் இது பொருந்தும். ஒரு வளவு மட்டும் மருந்தடித்துப் பயனில்லை, ஒழுங்கை முழுவதும் சேரவேண்டும்.

பூச்சாடியின் கீழ்த்தட்டு வேறொரு ஆபத்தை வைத்திருக்கிறது. குடாநாட்டில் மாரி முடியும் வேளையில் டெங்கு உச்சத்துக்குப் போகிறது. நோய் பரப்பும் ஈடிஸ் நுளம்பு நன்னீரில்தான் பெருகும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமியும் அவர்களுடைய குழுவினரும் 2011 இலும் 2012 இலும் வெளியிட்ட ஆய்வுகள், கரையோரத்தின் உவர்நீரிலும் வீட்டுக் கிணறுகளிலும்கூட அது வளர்வதைக் காட்டின. சவர்த் தண்ணியில் நுளம்பு வராது என்ற நம்பிக்கையை விடவேண்டியிருக்கிறது. மணிபிளான்ட் போத்தலின் தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றினால் போதாது. முட்டை போத்தலின் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தேய்த்துக் கழுவவேண்டும்.

செடி பகிர்பவர்கள் நஞ்சையும் சொல்லவேண்டும். மாரியில் வேலியெங்கும் எரியும் கார்த்திகைப் பூவின் கிழங்கும், மஞ்சள் அலரியின் விதையும் உயிரைப் பறிப்பவை. மணிபிளான்ட் இலையைக் கடித்த குழந்தையின் வாய் எரிந்து வீங்கும். கொப்பைக் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுக்கவேண்டிய விபரங்கள் இவை.

ரொறொன்ரோ யன்னலோரத்துக் கறிவேப்பிலை

கடல் கடந்த யாழ்ப்பாணத்தவர் வீடுகளில் கறிவேப்பிலை ஒரு வீட்டுச் செடி. ரொறொன்ரோவில் அது கோடையில் வெளியே, குளிரில் யன்னலோரத்தில். இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும்முன் உள்ளே எடுக்கவேண்டும். சூடாக்கியின் உலர்காற்றில் சிலந்திப்பேன் பிடிக்கும். பனிக்காலத்தில் இலை கொட்டி அது உறங்கும். ஊரிலிருக்கும் அம்மா தொலைபேசியில் "ஒவ்வொருநாளும் தண்ணி ஊத்து பிள்ளை" என்கிறார். இணுவிலில் நூற்றுக்கு நூறு சரியான அந்த ஆலோசனை, உறங்கும் செடியின் வேரை அங்கே அழுகவைக்கிறது. அங்கிருந்து திரும்பி வரும் ஆலோசனையும் அப்படியே. கடையில் வாங்கும் அமிலக் கலவையில் வளர்ப்பவர் சொல்லும் முட்டைக்கோது, சுன்னாகத்தில் பொருளற்றது.

அன்பின் பேரால் பயணப்பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகும் கன்றில் பெரிய ஆபத்து இருக்கிறது. தேசி, தோடை இன மரங்களைக் கொல்லும் பச்சை நோயைக் காவும் சிறுபூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அமெரிக்கா அந்தச் செடியின் நடமாட்டத்தை இறுக்கிக் கட்டுப்படுத்துவது இதனால்தான். இலங்கையிலும் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியின்றிக் கன்று கொண்டுவருவதைத் தடுக்கிறது. பப்பாசி மாவுப்பூச்சியைக் கண்ட நாட்டுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

மதில் எழுந்த பிறகு

போருக்குப் பின் யாழ்ப்பாணத்தில் கதியால் வேலிகள் குறைந்து சீமெந்து மதில்கள் எழுந்திருக்கின்றன. மதிலுக்குப் பொட்டு இல்லை. குழையும் இல்லை. இடையில் நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. பொ. ஐங்கரநேசன் வட மாகாண விவசாய அமைச்சராக இருந்தபோது கார்த்திகை மாதம் மரநடுகை மாதமாக முன்னெடுக்கப்பட்டது. அவருடைய தமிழ்த்தேசியப் பசுமை இயக்கம் கார்த்திகையில் நல்லூர் சங்கிலியன் பூங்காவில் மலர்க்கண்காட்சி நடத்துகிறது. திருநெல்வேலியில் மாவட்ட விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைக் கேட்கலாம். இவையெல்லாம் பொட்டின் இடத்தை ஓரளவு நிரப்பக்கூடியவை. செடியை விற்பவரும் கொடுப்பவரும் அதன் மண்ணையும் தண்ணீரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் திரும்பினால் முழுவதும் நிரப்பும்.

அதற்குச் செலவில்லை. சாடி மண்ணில் ஒரு கரண்டி எடுத்து வினாகிரி விடுங்கள், பொங்கினால் சுண்ணாம்பு. கிணறு எந்த மாதத்தில் சவராகிறது என்பதை நாக்கே சொல்லும். மழைநீரா கிணற்றுநீரா ஊற்றினோம் என்பது நினைவில் இருக்கும். மாரி தொடங்கிக் கொப்பு வெட்டும் காலம் வரும்போது, கொடுக்கும் ஒவ்வொரு கொப்போடும் ஒரு துண்டுத் தாளில் ஊர், மண், தண்ணீர், நட்ட மாதம் ஆகிய நான்கையும் எழுதிக் கொடுங்கள். தொலைபேசியில் ஆலோசனை சொல்பவர்களும் இந்த நான்கையும் முதலில் சொல்லட்டும், கேட்பவர்களும் முதலில் கேட்கட்டும். பாடசாலைத் தோட்டம் வைத்திருக்கும் ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு தங்கள் ஊர்க் கிணறுகளின் சவர் மாதங்களைக் குறித்துவைக்கலாம். அதைச் சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.